பத்திரம் எங்களிடம், தோட்டம் அவர் கையில்: வாசகர் கேள்விகளும் வழக்கறிஞர் பதில்களும்

கேள்வி: ஏற்காட்டிலிருந்து நாகலூர் போகும் பாதையை ஒட்டி எங்களுக்கு இரண்டரை ஏக்கர் காபித் தோட்டம் இருக்கிறது. என் தந்தையார் 1988-இல் கிரயம் வாங்கியது. காவலுக்கு ஒருவரை அமர்த்தி, தோட்டத்துக்குள் இருந்த ஓட்டு வீட்டில் குடியிருக்கச் சொல்லி, மாதச் சம்பளம் கொடுத்துவந்தார். 2015-இல் தந்தையார் காலமானார். நாங்கள் சேலத்தில் வேலையும் குடும்பமுமாக இருந்துவிட்டோம். வருடத்துக்கு ஒருமுறை, காபி பறிப்புக்கு மட்டும் மலைக்குப் போய்வருவோம். காவல்காரரும் இறந்துவிட்டார். அவருடைய மகன் இரண்டு வருடங்களுக்கு முன் சம்பளம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இந்த முறை போனபோது கேட்டில் புதுப் பூட்டு தொங்குகிறது. “முப்பத்தைந்து வருஷமா நாங்கதான் இருக்கோம். பன்னிரண்டு வருஷம் இருந்தாலே சொத்து எங்களுக்குத்தான்” என்கிறார். பட்டா இன்னும் தந்தையார் பெயரில்தான் இருக்கிறது. நாங்கள் தோட்டத்தை இழந்துவிட்டோமா? ஆட்களை அழைத்துப் போய்ப் பூட்டை உடைத்து உள்ளே போகலாமா?
— வாசகி, பேர்லேண்ட்ஸ், சேலம்.

பதில்: அம்மா, நீங்கள் தோட்டத்தை இழக்கவில்லை. ஆனால் பூட்டை உடைத்தால், இப்போது உங்கள் பக்கம் இருக்கும் நியாயத்தின் ஒரு பகுதியை நீங்களே அவர் பக்கம் தள்ளிவிடுவீர்கள். ஆகவே முதலில் அந்த எண்ணத்தைக் கைவிடுங்கள்.

உங்கள் தந்தையாரின் கிரயப் பத்திரத்தை எடுத்து அதன் கடைசிப் பக்கங்களைப் படித்துப் பாருங்கள். “இன்று முதல் மேற்படி சொத்தைத் தாங்களே சர்வ சுதந்திர பாத்தியத்துடன் புத்திர பௌத்திர பாரம்பரியமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது” என்ற மாதிரியான வரியும், “சொத்தை இன்றே தங்கள் சுவாதீனத்தில் ஒப்படைத்துவிட்டேன்” என்ற வரியும் அதில் இருக்கும். பத்திர எழுத்தர்கள் பழக்கத்தில் எழுதிப்போகும் வரிகள்தாம் என்றாலும், பாத்தியம் வேறு, சுவாதீனம் வேறு என்ற சொத்துச் சட்டத்தின் அடிப்படையே அவற்றில் அடங்கியிருக்கிறது. பாத்தியம் என்பது சொத்து யாருடையது என்பது. சுவாதீனம் என்பது சொத்து இன்று யார் கையில் இருக்கிறது என்பது. பெரும்பாலான குடும்பங்களில் இரண்டும் ஒருவரிடமே இருப்பதால் வித்தியாசம் கண்ணில் படுவதில்லை. உங்கள் வீட்டில் அவை இப்போது பிரிந்து நிற்கின்றன.

சுவாதீனத்தைச் சட்டம் அற்பமாக நினைப்பதில்லை. ஒரு சொத்து ஒருவர் கையில் இருந்தால், அவரே உரிமையாளர் என்று நீதிமன்றம் முதலில் அனுமானிக்கும். இல்லை என்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தின் 110-ஆம் பிரிவில் இருந்த இந்த விதி, இப்போதைய பாரதிய சாக்ஷிய அதிநியத்தில் 113-ஆம் பிரிவாக வந்திருக்கிறது. ஆனால் அந்த அனுமானம் பத்திரத்தின் முன் நிற்காது. உங்களிடம் பதிவு செய்த கிரயப் பத்திரம் இருக்கிறது. அவரிடம் இருப்பது குடியிருப்பு மட்டுமே. “உங்க அப்பா வாய்மொழியா எங்களுக்கே கொடுத்துட்டார்” என்று நாளை அவர் சொன்னாலும் அது செல்லாது. 100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள நிலத்தை விற்பதற்குப் பதிவு செய்த பத்திரம் வேண்டும் என்று 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 54-ஆம் பிரிவில் சொல்கிறது. தானமாகக் கொடுப்பதற்கும் பதிவு கட்டாயம்.

இனி அந்தப் பன்னிரண்டு வருடப் பேச்சு. நம் ஊரில் டீக்கடைப் பெஞ்சிலிருந்து தாலுகா ஆபீஸ் வராண்டா வரை எல்லோருக்கும் தெரிந்த, ஆனால் பாதி மட்டுமே தெரிந்த விதி இது. 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டத்தின் 65-ஆம் இனம், உரிமையாளர் தம் சொத்தைத் திரும்பக் கேட்டு வழக்குப் போட 12 ஆண்டு அவகாசம் தருகிறது. அதைத் தவறவிட்டால், 27-ஆம் பிரிவின்படி அவருடைய உரிமையே அற்றுப்போகும். இதுவரை சரி. ஆனால் அந்த 12 ஆண்டுகளை ஒருவர் உள்ளே வந்த நாளிலிருந்து எண்ணுவதில்லை. அவருடைய அனுபவம் உரிமையாளருக்கு எதிரிடையாக மாறிய நாளிலிருந்துதான் எண்ண வேண்டும். “இது என் சொத்து, உனக்கு இதில் ஒன்றுமில்லை” என்று உரிமையாளருக்குத் தெரியும்படி, மறைவில்லாமல், இடைவிடாமல் அவர் அனுபவித்திருக்க வேண்டும். அது எந்த நாளில் தொடங்கியது என்பதையும் அவர்தான் சொல்லி நிரூபிக்க வேண்டும்.

காவல்காரர் உங்கள் தந்தையாரின் அனுமதியோடு வந்தவர், அவருக்காகவே இருந்தவர். அப்படியானால் அத்தனை ஆண்டுகளும் தோட்டம் சட்டத்தின் கண்ணில் உங்கள் தந்தையாரின் சுவாதீனத்தில்தான் இருந்தது. காவல்காரர், வேலையாள், பராமரிப்பாளர் போன்றோர் எத்தனை காலம் இருந்தாலும் அந்த இருப்பினால் மட்டும் சொத்தில் உரிமை பெற முடியாது என்று மரியா மார்கரிடா வழக்கில் 2012-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. தகப்பனாரின் அனுமதியில் வந்த மகனின் நிலையும் அதுதான். எதிரிடை என்று சொல்லத்தக்கது, மிஞ்சிப்போனால், அவர் சம்பளத்தை மறுத்த நாளில் தொடங்கியிருக்கலாம். அதன்படி இரண்டு ஆண்டுகள் ஓடியிருக்கின்றன.

அதற்காக இன்னும் பத்து ஆண்டுகள் இருக்கின்றன என்று உட்கார்ந்துவிடாதீர்கள். உரிமை உங்களுடையது என்று அறிவிக்கும்படி மட்டும் கேட்கும் வழக்குக்கு, உரிமை மறுக்கப்பட்ட நாளிலிருந்து 3 ஆண்டுகள்தான் அவகாசம். அது அதே காலவரையறைச் சட்டத்தின் 58-ஆம் இனம். உரிமையின் அடிப்படையில் சுவாதீனத்தையும் சேர்த்துக் கேட்கும் வழக்குக்கு 12 ஆண்டுக் கணக்கே பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தாலும், எதிர்த்தரப்பு இந்த ஆட்சேபத்தைக் கிளப்பாமல் விடாது. மூன்று ஆண்டுகளுக்குள் வழக்கைப் போட்டுவிட்டால் அந்த வாதத்துக்கே இடமில்லை. உங்களுக்கு இன்னும் ஓராண்டுக்கும் குறைவாகவே இருக்கலாம்.

பூட்டை ஏன் உடைக்கக் கூடாது என்பதற்கு வருகிறேன். நிலைபெற்ற சுவாதீனத்தில் இருப்பவரை, அவர் உரிமையில்லாதவராகவே இருந்தாலும், நீதிமன்றத்தின் வழியாக அல்லாமல் வெளியேற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1989-இல் கிருஷ்ணா ராம் மஹாலே வழக்கிலும், 2003-இல் ராமே கௌடா வழக்கிலும் கூறியிருக்கிறது. ஒருவருடைய வேலையாளாக இருப்பவரின் இருப்பு நிலைபெற்ற சுவாதீனம் ஆகாது என்பது உண்மை. ஆயினும் அவர் வேலையாளா, இல்லையா என்பதுதானே இப்போது சண்டை! நீங்கள் பத்துப் பேரோடு போய்ப் பூட்டை உடைத்தால் அன்று மாலையே காவல் நிலையத்தில் உங்கள்மேல் புகார் இருக்கும். குறிப்பிட்ட பரிகாரச் சட்டத்தின் 6-ஆம் பிரிவில் அவர் ஒரு வழக்குப் போட்டால், அதில் உங்கள் கிரயப் பத்திரத்தைக் காட்டியும் பயனிருக்காது. ஏனென்றால் அந்த வழக்கில் யார் உரிமையாளர் என்று நீதிமன்றம் பார்ப்பதில்லை. யாரை யார் சட்டத்துக்குப் புறம்பாக வெளியேற்றினார் என்பதை மட்டுமே பார்க்கும்.

நீங்கள் போட வேண்டிய வழக்கு மூன்று பரிகாரங்களைக் கேட்பதாக இருக்க வேண்டும்: சொத்து எங்களுடையது என்று நீதிமன்றம் அறிவிக்கும் விளம்புகை, சுவாதீனத்தை ஒப்படைக்கும்படியான உத்தரவு, அதன் பிறகு தலையிடாதபடி நிரந்தர உறுத்துக்கட்டளை, அதாவது தடையுத்தரவு. செலவு குறைவு என்பதற்காகத் தடையுத்தரவு மட்டும் கேட்டுப் பலர் வழக்குப் போடுகிறார்கள். சொத்து கையைவிட்டுப் போய், உரிமையும் மறுக்கப்பட்ட பிறகு வெறும் உறுத்துக்கட்டளை வழக்கு நிற்காது என்று 2008-இல் அனதுல சுதாகர் வழக்கில் உச்ச நீதிமன்றம் விரிவாக விளக்கியிருக்கிறது. பத்து வருடம் நடத்திய வழக்கு இந்த ஒரு காரணத்தால் தள்ளுபடியாகி, படிக்கட்டில் அமர்ந்து அழுதவர்களை அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்தில் நான் பார்த்திருக்கிறேன். கட்டணத்தை மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் இதுவல்ல. 2017-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் நீதிமன்றக் கட்டணம் நூற்றுக்கு ஏழரை ரூபாயிலிருந்து 3 ரூபாயாகக் குறைந்திருக்கிறது. நிலத்தின் வகையைப் பொறுத்து மதிப்பைக் கணக்கிடும் முறை மாறும் என்பதால், அதை உங்கள் வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பெண் என்பதாலேயே, வருமானம் எவ்வளவு என்று பாராமல், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் இலவச உதவி பெறவும் உங்களுக்குத் தகுதி உண்டு.

இனி சான்றுகள். கிரயப் பத்திரம், உங்கள் தந்தையாருக்கு விற்றவரின் உரிமையைக் காட்டும் தாய்ப்பத்திரம், 1988-க்கு முன்பிருந்து இன்றுவரைக்குமான வில்லங்கச் சான்று, கிராம நிலங்களின் விவரம் அடங்கிய அ-பதிவேட்டின் நகல், புல வரைபடம், கந்தாய ரசீதுகள் ஆகியவற்றைத் திரட்டுங்கள். பட்டா உங்கள் தந்தையார் பெயரில் இருப்பது துணைச் சான்றாக நிற்கும். ஆனால் பட்டாவே உரிமை என்று நினைக்காதீர்கள்; வருவாய்த் துறைப் பதிவுகள் உரிமையைத் தருவதுமில்லை, பறிப்பதுமில்லை. அதே சமயம், அவர் பட்டா மாறுதலுக்கு மனுப் போடக்கூடும் என்பதால், வட்டாட்சியர் அலுவலகத்தில் உங்கள் ஆட்சேபத்தை எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான சீட்டை வாங்கிவையுங்கள். வாரிசுச் சான்றிதழ் பெற்றுப் பட்டாவை வாரிசுகள் பெயருக்கு மாற்றவும் இப்போதே விண்ணப்பியுங்கள். உடன்பிறந்தவர்கள் இருந்தால் அவர்களையும் வழக்கில் சேர்த்துக்கொள்வது நல்லது.

இவை எல்லாவற்றையும்விட உங்களுக்குக் கைகொடுக்கப் போவது, அவர் காவல்காரர்தான் என்று காட்டும் காகிதம். பல ஆண்டுகளுக்கு முன், மலையில் இதே போன்ற ஒரு தோட்ட வழக்கை நடத்தினேன். நீதிமன்றம் அனுப்பிய வழக்கறிஞர் ஆணையரும் சர்வேயரும் உண்ணிச்செடிப் புதரை வெட்டி விலக்கி, சில்வர் ஓக் மரத்தடியில் புதைந்து கிடந்த சர்வே கல்லைக் கண்டெடுத்து அளந்தார்கள். ஆனால் ஆணையர் அளக்கலாம், இருப்பதைக் குறிக்கலாம். யார் அனுபவத்தில் இருக்கிறார் என்பதைத் தீர்மானிக்க அவரை அனுப்ப முடியாது. வழக்கைத் தீர்த்தது ஒரு நாற்பது பக்க நோட்டு. தோட்டக்காரரின் மனைவி பறிப்புக் கூலியும் காவல் சம்பளமும் எழுதிவைத்திருந்த நோட்டு அது. மாதா மாதம் ஒரு வரி. வரியின் முடிவில் காவல்காரரின் இடது பெருவிரல் ரேகை. மிளகுக் கொடியில் கைவைத்த கறையோடு அது நீதிமன்றத்துக்கு வந்தது. உங்கள் தாயாரின் பெட்டியிலும் பீரோவிலும் அப்படி ஏதாவது இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். சம்பளம் வங்கி வழியாகப் போயிருந்தால் கணக்கு அறிக்கை, காபி விற்ற சீட்டு, மின் கட்டண ரசீது, பறிப்புக் காலத்தில் எடுத்த புகைப்படங்கள் எல்லாம் உதவும்.

முதல் வேலையாக வழக்கறிஞர் மூலம் அறிவிப்பு அனுப்புங்கள்: தோட்டத்தில் இருப்பதற்கான அனுமதியை ரத்து செய்கிறோம், குறிப்பிட்ட தேதிக்குள் ஒப்படைக்க வேண்டும் என்று. அவர் அனுபவித்துவரும் காபி, மிளகு மகசூலுக்கான இடைக்கால வருமானத்தையும் வழக்கில் கேட்கலாம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர் தகப்பனாருக்கோ அவருக்கோ கூலி பாக்கி இருந்தால், அது உண்மையான பாக்கி, அதைக் கொடுத்துவிடுங்கள். முப்பது வருடம் பனியிலும் மழையிலும் அந்தத் தோட்டத்தைக் காத்த குடும்பத்துக்கு உங்கள் தந்தையார் என்ன வாக்குக் கொடுத்திருந்தார் என்று உங்கள் தாயாரிடம் கேளுங்கள். நியாயமான ஒரு தொகையைப் பேசி, லோக் அதாலத் எனும் மக்கள் நீதிமன்றத்தில் எழுதி முடித்தால், அது தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடும் கிடையாது. பறிப்புக்கு முன்பே தோட்டம் கைக்கு வந்த குடும்பங்கள் உண்டு.

கேள்வி: அயோத்தியாப்பட்டணம் பக்கம் எனக்கு ஒன்றரை ஏக்கர் மரவள்ளிக் காடு. பக்கத்துக் காட்டுக்காரர் மூன்று மாதங்களுக்கு முன், நான் வெளியூர் போயிருந்த சமயத்தில், வரப்பை வெட்டி ஆறடி உள்ளே தள்ளிக் கம்பிவேலி போட்டுவிட்டார். காவல் நிலையத்தில் “இது சிவில் மேட்டர்” என்று அனுப்பிவிட்டார்கள். என்ன செய்வது?
— வாசகர், அயோத்தியாப்பட்டணம்.

பதில்: ஐயா, நாட்காட்டியைப் பாருங்கள். மேலே சொன்ன 6-ஆம் பிரிவு அங்கே வாசகிக்கு எதிராகப் பேசியது. இங்கே உங்களுக்காகப் பேசும். உங்கள் சம்மதமின்றி, சட்ட வழியிலும் அல்லாமல் நிலத்தை விட்டு வெளியேற்றப்பட்டால், வெளியேற்றப்பட்ட நாளிலிருந்து 6 மாதங்களுக்குள் இந்தப் பிரிவில் வழக்குப் போடலாம். உரிமையை நிரூபிக்க வேண்டியதில்லை. அந்த ஆறடி உங்கள் அனுபவத்தில் இருந்தது, இன்ன தேதியில் அவர் பிடுங்கினார் என்று காட்டினால் போதும். தீர்ப்புக்கு மேல்முறையீடு இல்லை என்பதால் இழுபறி குறைவு. உங்களுக்கு மூன்று மாதங்கள் மீதம் இருக்கின்றன. அதைத் தவறவிட்டாலும் உரிமையின் அடிப்படையில் வழக்குப் போடும் வழி இருக்கிறது. ஆனால் அது நீண்ட பாதை.

வழக்குக்கு முன், நில அளவைக்கு விண்ணப்பித்து, புல வரைபடத்தின்படி எல்லையை அளந்து கல் காட்டச் சொல்லுங்கள். அளவைக்குப் பக்கத்துக்காரருக்கும் அறிவிப்பு போக வேண்டும். அவர் இல்லாமல் அளந்த அளவை பிறகு தகராறாகும். வெட்டிய வரப்பின் தடமும் உங்கள் மரவள்ளிக் கரணைகளும் வேலிக்கு அந்தப் பக்கம் இன்னும் நின்றால், மழை வந்து அழிப்பதற்குள் தேதியோடு படம் எடுத்துவையுங்கள். காவல் துறை சொன்னது முழுவதும் சரியல்ல. சண்டை மூண்டு அமைதி கெடும் நிலை இருந்தால், கோட்டாட்சியர் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 145-ஆம் பிரிவின் இடத்தில் வந்திருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 164-ஆம் பிரிவில் விசாரித்து, யார் சுவாதீனத்தில் இருந்தார் என்று முடிவு செய்யலாம். ஆனால் அங்கே காவல் துறை அறிக்கைக்கு முந்தைய இரண்டு மாத நிலைதான் கணக்கு. உங்கள் மூன்று மாதம் அதைத் தாண்டிவிட்டதால், உரிமையியல் நீதிமன்றத்துக்கே செல்லுங்கள்.

கேள்வி: அம்மாப்பேட்டையில் எங்கள் தறிக்கூடத்தை வாடகைக்கு எடுத்தவர் பதினைந்து வருடமாக இருக்கிறார். கடந்த எட்டு மாதமாக வாடகையும் இல்லை. பன்னிரண்டு வருடம் தாண்டியதால் கூடம் தமக்கே என்கிறார்.
— வாசகர், அம்மாப்பேட்டை.

பதில்: வாடகைதாரராக உள்ளே வந்தவர், வாடகை உறவு இருக்கும்போதும் அது முடிந்த பிறகும், அது தொடங்கியபோது உங்களுக்கு உரிமை இருந்தது என்பதை மறுக்கவே முடியாது, சாக்ஷிய அதிநியம் 122-ஆம் பிரிவு அவர் வாயை அடைக்கிறது. பதினைந்து வருட வாடகை அவருக்கு எந்தப் பாத்தியத்தையும் தரவில்லை. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டத்தின்படி, எழுத்து ஒப்பந்தம் இருக்கிறதா, வாடகை அதிகாரியிடம் பதிவாகியிருக்கிறதா என்பதைப் பொறுத்து வழக்கைப் போடும் இடம் மாறும். ஆகவே ஒப்பந்தத்தோடும் பழைய வாடகை ரசீதுகளோடும் வழக்கறிஞரைப் பாருங்கள்.

கேள்வி: செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் பூர்வீக வீடு. அப்பா உயில் எழுதாமல் இறந்து இருபது வருடம் ஆகிறது. அண்ணன்தான் குடியிருக்கிறார், பட்டாவையும் தம் பெயருக்கு மாற்றிக்கொண்டார். நான் திருமணமாகி ஓசூரில் இருக்கிறேன். கேட்டால், “இருபது வருஷமா வராதவளுக்கு என்ன பங்கு?” என்கிறார். கேட்டதற்கே மனம் உடைந்துவிட்டது.
— வாசகி, ஓசூர்.

பதில்: தங்கையே, உங்கள் பங்கு போகவில்லை. கூட்டுச் சொத்தில் ஒருவர் குடியிருந்தால், அவர் எல்லோருக்காகவும் குடியிருக்கிறார் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். மற்றவரை வெளிப்படையாக ஒதுக்கி, அது அவருக்குத் தெரியவும் வந்து, அதன் பின் 12 ஆண்டுகள் கடந்தால்தான் நிலைமை மாறும். இந்தக் கொள்கையை 1957-இலேயே உச்ச நீதிமன்றம் உறுதி செய்துவிட்டது. வெறுமனே நீங்கள் வராமல் இருந்தது ஒதுக்கல் ஆகாது. பட்டா மாற்றமும் அப்படியே. தீபாவளிக்கும் பண்டிகைக்கும் அந்த வீட்டுக்குப் போய் வந்ததையும், அம்மா இருந்தபோது தங்கியதையும் குறித்துவையுங்கள். ஆனால் அவர் சொன்ன அந்த வார்த்தையை நீங்கள் கேட்டுவிட்டீர்கள். கணக்கு அந்த நாளிலிருந்தாவது ஓடும். பாகப்பிரிவினை வழக்கைத் தள்ளிப்போடாதீர்கள். இந்து கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளும் பிறப்பாலேயே பங்குதாரர் என்று 2020-இல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியிருக்கிறது. அப்பா தாமே சம்பாதித்த வீடாக இருந்தாலும், உயில் இல்லாததால் மகனுக்கு நிகரான பங்கு உங்களுக்கு உண்டு.

கேள்வி: ஓமலூர் நீதிமன்றத்தில் சுவாதீனம் கேட்டு வழக்குப் போட்டு ஒன்பது வருடத்துக்கு முன் ஜெயித்தோம். எதிர்த்தரப்பு மேல்முறையீடு செய்யவில்லை. இடத்தைக் காலி செய்யவும் இல்லை. தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு இன்னும் பார்த்துக்கொண்டே இருக்கிறோம்.
— வாசகர், ஓமலூர்.

பதில்: தீர்ப்பாணை தானாக நடக்காது, ஐயா. நிறைவேற்று மனுப் போட வேண்டும். அதற்குத் தீர்ப்பாணை நடைமுறைக்கு வந்த நாளிலிருந்து 12 ஆண்டுகள்தான் அவகாசம். மனுப் போட்டால், உரிமையியல் நடைமுறைச் சட்டம் 21-ஆம் ஆணை 35-ஆம் விதியின்படி நீதிமன்ற ஊழியரான அமீனா நேரில் வந்து, தேவையானால் பூட்டை அகற்றி, சொத்தை உங்கள் கையில் ஒப்படைப்பார். தகராறு வரும் என்று தோன்றினால் காவல் துறைப் பாதுகாப்பும் கேட்கலாம். புதிதாக யாராவது குறுக்கே நின்று “நான்தான் இங்கே இருக்கிறேன்” என்றால், அதே நீதிமன்றம் 97-ஆம் விதியில் அந்த நிறைவேற்று நடவடிக்கையிலேயே விசாரித்து முடிக்கும். புது வழக்குத் தேவையில்லை. தீர்ப்பாணையின் சான்றிட்ட நகலுக்கு இந்த வாரமே விண்ணப்பித்துவிட்டு, அதில் உள்ள சொத்து விவரம், நான்கெல்லை, சர்வே எண் ஆகியவை இன்றைய உட்பிரிவோடு ஒத்துப்போகின்றனவா என்று புல வரைபடத்தை வைத்துச் சரிபாருங்கள். ஒன்பது ஆண்டுகளில் உட்பிரிவு எண் மாறியிருந்தால், அமீனா வாசலில் வந்து நிற்கும் நாளில்தான் அது தெரியவரும்.